எழுதியதை எழுதியபடி

மார்ச் 17, திங்கள்

திருச்செங்கோட்டுக்கு வந்து இரண்டு வாரம். காப்பி என்று இங்கே எதையோ தருகிறார்கள். சிதம்பரத்தில் அதில் கால்கூடக் கழுவ மாட்டோம்.

முப்பத்து நான்கு ஆண்டு விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்ற வைத்தியலிங்கம், எம்.எஸ்சி., எம்.ஃபில்., அறுபதாவது வயதில் ஒரு நீட் பயிற்சி மையத்தின் மாடி அறையில் உட்கார்ந்து நான்கு விடைக் கேள்விகள் எழுதுகிறேன். செல் உயிரியல், மரபியல், மனித உடலியங்கியல். மூன்றிலும் சேர்த்து இரண்டாயிரம் கேள்வி. ஏப்ரல் முடிவதற்குள்.

மையத்தை நடத்துபவர் செங்கோட்டுவேல். எட்டு ஆண்டுக்கு முன்புவரை ரிக் லாரி வைத்து ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டவர். தண்ணீர் வரும்வரை இறக்கிக்கொண்டே போகும் தொழில். பிள்ளைகளையும் அப்படித்தான் நடத்துகிறார். "ஏனுங் சார், ஒரு நாளைக்கு அம்பது கேள்வின்னா முடிஞ்சுருமுங்கல்ல?" என்றார். அடிக்கணக்கு.

புதுப் பாடப்புத்தகம் வேண்டுமா என்றும் கேட்டார். எனக்கெதற்கு? 1994-இல் நானே எழுதிய நோட்டுகள் ஐந்து பெட்டியில் இருக்கின்றன. கல்லீரல் அன்று இருந்த இடத்தில்தான் இன்றும் இருக்கிறது.

நான் நீளத்தாளில் கையால் எழுதிக் கொடுக்க, கீழ் அறையில் ஒரு பெண் கம்ப்யூட்டரில் அடிக்கிறாள். நித்யகலா. முப்பத்தைந்து வயது இருக்கும். என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "நல்லா புரியுதுங் சார்" என்று சான்றிதழ் கொடுத்தாள்.

மார்ச் 19, புதன்

அந்தப் பெண் தாளோடு மாடியேறி வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"சார், பதினேழாவது கேள்விங். முதிர்ந்த இரத்தச் சிவப்பணுவில எத்தன குரோமோசோம்னு கேட்டிருக்கறீங். விடை நாப்பத்தாறுன்னு இருக்குதுங்."

"ஆமாம்மா. மனுஷனுக்கு நாற்பத்தாறுதான்."

"இல்லீங் சார்... முதிர்ந்த சிவப்பணுவில உட்கருவே இல்லீங்களே?"

பூஜ்யம் என்று விடையில் ஒன்று இருந்தது. அதைத்தான் நான் குறிக்க நினைத்திருந்தேன். கை நழுவியிருக்கிறது. "பாக்கிறியான்னு பாத்தேன்" என்றேன். "சரிங் சார்" என்று போய்விட்டாள். நம்பினாளா என்று தெரியவில்லை. நம்பினால் என்ன, நம்பாவிட்டால் என்ன.

மார்ச் 20, வியாழன்

இரண்டு சட்டை, ஒரு வேட்டி தேய்க்கக் கொடுத்தேன். தேய்ப்பவர் கஞ்சி போடட்டுமா என்று கேட்காமலேயே போட்டுவிட்டார். இந்த ஊரில் எல்லோரும் கேட்காமலேயே உதவுகிறார்கள்.

மார்ச் 25, செவ்வாய்

மறுபடி வந்தாள். நிறக்குருடு கேள்வி. தாய் அந்தக் குறையைக் கடத்துபவர், தந்தை இயல்பானவர். மகன் நிறக்குருடாகப் பிறக்கும் வாய்ப்பு இருபத்தைந்து சதவீதம் என்று எழுதியிருந்தேன்.

"மகனுக்குங்களா சார், குழந்தைக்குங்களா? குழந்தைன்னா நாலுல ஒண்ணுங். மகன்னு சொல்லிப்போட்டா ரெண்டுல ஒண்ணாயிருமுங்களே."

எரிச்சலை அடக்கிக்கொண்டு அவள் என்ன படித்திருக்கிறாள் என்று கேட்டேன்.

"பிளஸ் டூங் சார். காமர்ஸ்."

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. வரவு செலவு படித்த பெண் எனக்கு மரபியல் சொல்கிறாள்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "பதினோரு வருசமா பயாலஜி கைடுதானுங் அடிக்கறேன். கை அடிக்கறப்ப கண்ணு படிச்சுருதுங். தப்பா இருந்தா அடிக்க மனசு வர்றதில்லீங்."

மாற்றிக்கொள் என்றேன். பெருந்தன்மைதான்.

மார்ச் 29, சனி

செங்கோட்டுவேல் மாடிக்கே வந்து கை குலுக்கினார். இதுவரை போன அறுநூறு கேள்வியில் ஒரு பிழைகூட இல்லையாம். போன வருடம் எழுதியவரால் பெற்றோர் வந்து சண்டை போட்டார்களாம். எனக்கு இனித் 'தலைமைத் தொகுப்பாளர்' என்று பெயர். ஜூனில் புத்தகமாக வரும்போது அட்டையில் போடுவாராம்.

அனுபவம் என்பது இதுதான் என்று அவருக்கு விளக்கினேன்.

மார்ச் 31, திங்கள்

அந்தப் பெண்ணுக்கு இப்போது துணிச்சல் வந்துவிட்டது. தாளில் திருத்த ஒன்றுமில்லை. சும்மா கேட்க வந்திருக்கிறாள்.

"எல்லா செல்லுலயும் ஒரே டி.என்.ஏ.தானுங்களே சார். அப்பறம் கண்ணுல இருக்கற செல்லுக்குத் தான் கண்ணுன்னு எப்படிங் தெரியும்?"

"ஜீன் வெளிப்பாடு."

"அது பேருங் சார். எப்படின்னு கேட்டனுங்."

"சிலபஸ்ல இல்லம்மா" என்று அனுப்பிவைத்தேன். ஒருவருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 3, வியாழன்

பதிமூன்றாம் தேதி பெரிய மாதிரித் தேர்வு. அறுநூற்று நாற்பது பேர் எழுதுகிறார்கள். அதில் முதல் அறுபது பேருக்கு மட்டும் கடைசி இரண்டு வாரம் தனி வகுப்பு. உயிரியல் வினாத்தாள் முழுக்க என்னுடையது.

செங்கோட்டுவேல் சொன்னார்: "நம்ம நித்யகலாகிட்ட ஒருக்கா காட்டிப்போட்டீங்கன்னா அப்பறம் கவலையில்லீங் சார். அது கண்ணுல எதும் தப்பாது."

அப்படியென்றால் கை குலுக்கியது யாருக்கு?

கீழே இறங்கிப்போய் அவள் மேசை முன் நின்று சொன்னேன். "இந்தாம்மா. இனிமே நான் எழுதினத எழுதினபடி அடி. புள்ளிகூட மாத்தாதே. சந்தேகம்னு மாடிக்கும் வராதே. வேலை கெடுது."

"சரிங் சார்" என்றாள்.

ஏப்ரல் 7, திங்கள்

தேர்வுத்தாள் தொண்ணூறு கேள்வியையும் ஒரே மூச்சில், ஒரு பகலில் எழுதினேன். விடைக்குறிப்பும் கையோடு. நோட்டைப் பார்க்கக்கூட அதிகம் தேவைப்படவில்லை.

மாலை நான் படியிறங்கும்போது அவள் கையில் என் தாள்கள். பென்சிலால் எங்கெங்கோ வட்டம் போட்டிருந்தாள்.

"சார், கோவிச்சுக்காதீங். ஒம்போது எடத்துலிங்..."

"நான் சொன்னது ஞாபகம் இருக்கா?"

"இருக்குதுங் சார். ஒருக்கா பாத்துப்போட்டு..."

"அடிம்மா" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

குடியிருக்கும் அறையில் தண்ணீர் வரவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னால், "மோட்டாருக்கு மூடு சரியில்லீங்" என்கிறார். மோட்டாருக்கு.

ஏப்ரல் 13, ஞாயிறு

தகரக் கூரை போட்ட மண்டபத்தில் தேர்வு. மதியம் ஒரு மணிக்கு விடைக்குறிப்பை ஒட்டினார்கள். ஒன்றரைக்கு என்னைச் சுற்றி இருபது பிள்ளைகள்.

ஏ.பி. இரத்த வகைக்காரர் எல்லோருக்கும் தானம் தரலாம் என்று இருக்கிறதாம். ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தை நுரையீரல் சிரை கொண்டுபோகிறது என்று இருக்கிறதாம். தந்தையின் எக்ஸ் குரோமோசோம் மகனுக்குப் போகிறதாம். இன்சுலினை ஆல்ஃபா செல் சுரக்கிறதாம்.

மாலையில் மதிப்பெண்களையும் ஒட்டினார்கள். கனிஷ்கா என்று ஒரு பெண், எப்போதும் முதல் வரிசையில் இருப்பவள், மூன்று மதிப்பெண்ணில் அறுபது பேர் பட்டியலைத் தவறவிட்டிருக்கிறாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன்.

"எங்கம்மாவுக்கு தெனமும் ஊசி போடறதே நாந்தானுங் சார். பீட்டா செல்லுன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

பார்க்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. மெஸ்ஸில் பாயசம். குடிக்கவில்லை.

செங்கோட்டுவேல் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். "என்னங் சார் இது? பெத்தவங்க நாப்பது பேரு வந்து நிக்கறாங். நாலு கேள்வி தப்புங்கறாங்."

"நான் சரியாத்தான் எழுதினேன். அடிச்சதுல என்ன ஆச்சோ" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். இதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. அச்சில் வரும் எந்தப் பிழையும் கடைசியில் தட்டச்சு வழியாகத்தானே வருகிறது.

நான்கு கேள்விக்கும் எல்லோருக்கும் முழு மதிப்பெண் என்று அறிவித்தார்கள். கனிஷ்கா தனி வகுப்புக்குள் வந்துவிட்டாள். ஆக யாருக்கும் நஷ்டமில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

என்னையும் உட்கார வைத்துக்கொண்டே அவளைக் கூப்பிட்டார் செங்கோட்டுவேல். அவள் கையில் ஒரு பழுப்பு உறை இருந்தது.

"சார் எழுதுனத பாத்து அடிச்சியா, இல்ல நீயா எதாச்சும் மாத்திப்போட்டியா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார் என்ன சொன்னாருங்?"

"சரியாத்தான் எழுதுனேன்னு சொல்றாரு."

"அப்ப சரியாத்தானுங் இருக்கும்" என்றாள்.

இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பதினைந்தே நிமிடம். அவள் தன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு மாடியேறி வந்து அந்த உறையை என் மேசையில் வைத்தாள். "உங்க கையெழுத்துத் தாளுங் சார். பத்திரமா வெச்சுக்கங்."

அவர் முன்னால் நின்ற நேரமெல்லாம் அது அவள் கையில்தான் இருந்தது.

உறையைப் பிரிக்கவில்லை. பிரிப்பதற்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 16, புதன்

தட்டச்சுப் பிழைதான்.

ஏப்ரல் 21, திங்கள்

புதிதாக ஒருவர் அடிக்கிறார். பெயர் மாரப்பன், என் வயது. எழுதியதை எழுதியபடி அடிக்கிறார். தாளின் ஓரத்தில் 'தோசை மாவு வாங்க வேண்டும்' என்று எனக்காகக் குறித்து வைத்திருந்தேன். நாற்பத்தொன்றாம் கேள்விக்கு அதுதான் நான்காவது விடை. நெஃப்ரானின் பணி யாது? ஈ) தோசை மாவு வாங்க வேண்டும்.

வகுப்பில் ஒரு மணி நேரம் சிரித்தார்களாம்.

ஏப்ரல் 23, புதன்

நானே பிழை பார்ப்பது என்று முடிவு செய்து இருநூறு கேள்வியை மூன்று முறை படித்தேன். ஒரு பிழையும் இல்லை. சுத்தமாக இருந்தது.

மதியத்துக்குள் பிள்ளைகள் ஆறு கண்டுபிடித்தார்கள்.

ஏப்ரல் 24, வியாழன்

பேருந்து நிலையம் அருகே ஒரு கடையில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் புத்தகங்கள் வாங்கினேன். "பேரனுக்குங்களா?" என்றார் கடைக்காரர். ஆமாம் என்றேன். எனக்குப் பேரன் இல்லை.

செய்தித்தாளில் அட்டை போட்டு அறைக்குக் கொண்டுவந்தேன்.

ஏப்ரல் 26, சனி

இரண்டு நாளாக அறையை விட்டு வெளியே போகவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லியனுப்பினேன்.

என் நோட்டில் மனிதனுக்கு ஒரு லட்சம் ஜீன்கள். இப்போது இருபதாயிரத்துச் சொச்சம் என்கிறார்கள். எண்பதாயிரம் ஜீன்கள் எப்போது போயின, எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை? நாக்கு நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று எத்தனை ஆண்டு கரும்பலகையில் படம் வரைந்திருக்கிறேன். அதுவும் இல்லையாம்.

சிலவற்றுக்கு அந்தச் சாக்குகூடக் கிடையாது. அவை 1994-லும் தவறுதான்.

சாயங்காலம் உறையைப் பிரித்தேன். ஒன்பது வட்டம். பென்சிலால், மிக மெல்லிய கோட்டில். வேண்டாமென்றால் நான் அழித்துக்கொள்ளலாம் என்பதுபோல. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சரியான விடை. புத்தகத்தோடு ஒப்பிட்டேன். ஒன்பதும் சரி.

பிள்ளைகள் கண்டுபிடித்தது நான்கு. மீதி ஐந்தை விடைக்குறிப்பில் இருக்கிறதென்று நம்பிவிட்டார்கள். அறுநூற்று நாற்பது பேரும் அதைக் குறிப்பெடுத்து வைத்திருக்கிறார்கள். இது தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்.

ஏப்ரல் 27, ஞாயிறு

நித்யகலா இப்போது சங்ககிரி ரோட்டில் ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் வேலை செய்கிறாள் என்று மாரப்பன் சொன்னார். போனேன். ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருந்தது. காதணி விழா அழைப்பிதழ் ஒன்றை அடித்துக்கொண்டிருந்தாள்.

"வாங் சார். உக்காருங்" என்று நாற்காலியிலிருந்த மாதிரி அட்டைகளை எடுத்தாள்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன்."

"இந்தப் பக்கம் ஒண்ணும் இல்லீங்களே சார்."

தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். பிறகு கேட்டேன். "அன்னைக்கு அந்த உறைய அவர்கிட்ட காட்டியிருக்கலாமே?"

"காட்டலாம்னுதானுங் எடுத்துட்டு வந்தேன்." திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உங்க மொகத்த பாத்தனுங். இந்த வயசுல உங்களுக்கு வேற எடத்துல யாருங் சார் வேல குடுப்பாங்? எனக்குக் கெடைக்குமுங். பாருங், கெடச்சிருச்சு."

அவள் என்னை ஏளனம் செய்திருந்தால் தாங்கியிருப்பேன். வாழ்நாளெல்லாம் அதைக் கொடுத்தே பழகியவன், வாங்கிக்கொள்ளவும் தெரியும். இது வேறு. இதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அது போச்சாதுங் சார், விடுங். அந்த அஞ்சு அப்படியேதானுங்களே இருக்குது? பரீச்சைக்கு இன்னும் ஏழு நாளுங். புள்ளைங்க போயி அதையே எழுதிப்போட்டு வந்துருமுங்."

"நீ வந்து... நீங்க வந்து சொன்னா..."

"நானுங்களா?" முதல் முறையாக என் பக்கம் திரும்பினாள். "நான் டைப் அடிக்கறவ சார். நான் சொன்னா யாரு கேப்பாங்? நீங்களே கேக்கலீங்களே."

ஒரு ஆள் அழைப்பிதழுக்கு வந்துவிட்டார். எழுந்து வந்தேன்.

ஏப்ரல் 28, திங்கள்

சொல்லத் தேவையில்லை. அந்த ஐந்தும் தேர்வில் வர நூற்றில் ஒரு வாய்ப்பு. இருக்கிற பிள்ளைகளைக் கடைசி வாரத்தில் குழப்புவது சரியான கற்பித்தல் முறையும் அல்ல.

பனியன் துவைத்தேன்.

ஏப்ரல் 29, செவ்வாய்

அந்த ஐந்து விடையையும் இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். பேனா ஓடுகிறதா என்று பார்க்கத்தான்.

ஏப்ரல் 30, புதன்

கடைசி வகுப்பு. வாழ்த்திப் பேச வேண்டும் என்று என்னையும் மேடையில் உட்கார வைத்தார்கள். அறுநூற்று நாற்பது பேர். தகரம் கொதித்தது. செங்கோட்டுவேல் வாசல் ஓரம் நின்றிருந்தார்.

எழுந்து ஒலிபெருக்கியை வாங்கினேன். வாழ்த்து எதுவும் வாயில் வரவில்லை.

"பதிமூணாம் தேதி வினாத்தாள்ல ஒன்பது விடை தப்பு. நாலு உங்களுக்குத் தெரியும். அஞ்சு தெரியாது. எழுதிக்குங்க."

யாரும் எழுதவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எழுதுங்க" என்று கத்தினேன். அப்புறம்தான் பேனாக்கள் திறந்தன. ஜீன்களின் எண்ணிக்கை. நாக்கு. செல் பிரியும்போது குறுக்கேற்றம் நடப்பது பாக்கிடீன் நிலையில், டிப்ளோடீனில் அல்ல. ஆக்சிடோசின் உருவாவது ஹைப்போதலாமசில். பிட்யூட்டரி அதைச் சேமித்து வெளிவிடுகிறது, அவ்வளவுதான். சிறுநீரகத்தில் பெரும்பகுதி நீர் திரும்ப உறிஞ்சப்படுவது அண்மைச் சுருள் குழலில். ஐந்தையும் இரண்டிரண்டு முறை சொன்னேன்.

கனிஷ்கா எழுந்து நின்றாள். "அப்ப டைப் அடிச்ச தப்பு இல்லீங்களா சார்?"

"இல்ல. நான் எழுதின தப்பு. அடிச்சவங்க ஒன்பதையும் வட்டம் போட்டுக் கொண்டுவந்து காட்டினாங்க. நான் வாங்கிப் பாக்கல. அப்புறம் பழிய அவங்க மேல போட்டேன்."

பின்வரிசையில் யாரோ ஒருவன் சிரித்தான். அதை யாரும் தொடரவில்லை.

வெளியே வந்ததும் செங்கோட்டுவேல் சொன்னார்: "நாலோட போனத ஒம்போதாக்கிப்போட்டீங்களே சார். மைக்குலதான் சொல்லோணுமா? எங்கிட்ட சொன்னா ஒரு பேப்பர் அடிச்சு ஒட்டியிருக்க மாட்டனா?"

யார் பெயரில் ஒட்டியிருப்பீர்கள் என்று கேட்டேன். கை நீட்டி மாடி அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்.

மே 4, ஞாயிறு

இன்று பிள்ளைகளுக்குத் தேர்வு. வெயில்.

மே 9, வெள்ளி

பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது செங்கோட்டுவேல் அறைக்கே வந்தார். கட்டிலில் உட்கார்ந்து விசிறியைப் பார்த்தார்.

"நித்யகலாவ போயி கூப்புட்டனுங். ரெண்டு கண்டிசன் போடறா. புஸ்தகத்துல அவ பேரு வரோணுமாம். அப்பறம், கேள்வி எழுத நீங்கதான் வேணுமாம்."

"நானா? எதுக்காம்?"

"நானும் அதயேதான் கேட்டனுங். 'இனிமே அவரு சொன்னா கேப்பாருங்'கறா."

பெட்டியிலிருந்து சட்டைகளை எடுத்து மறுபடி கொடியில் போட்டேன். கசங்கிவிடும் என்பதால்.

மே 12, திங்கள்

மாடி அறையிலிருந்து என் மேசையைக் கீழே இறக்கச் சொன்னேன். முழங்கால் வலி, படியேற முடியவில்லை. இப்போது நித்யகலாவின் மேசைக்கு எதிரில் இருக்கிறேன். முதல் நாள் ஐம்பது கேள்வி எழுதினேன். அவர் நான்கைத் திருப்பிக் கொடுத்தார். மூன்று தவறு. ஒன்று சரி என்று நான் வாதாடினேன். புத்தகத்தைப் பிரித்துப் பார்த்து, "சரிதானுங் சார்" என்றார். சாயங்காலம் நல்ல பசி.

மே 22, வியாழன்

புத்தக அட்டை. செங்கோட்டுவேல் திரையைக் காட்டினார். மேலே பெரிய எழுத்தில் என் பெயர், எம்.எஸ்சி., எம்.ஃபில்., தலைமைத் தொகுப்பாளர். கீழே பொடி எழுத்தில் 'தட்டச்சு: நித்யகலா'. நித்யகலா எதிரிலேயே உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தார்.

"தட்டச்சு இல்ல. தொகுப்பு. ரெண்டு பேரும் தொகுப்பு" என்றேன்.

"காமர்ஸ் படிச்ச புள்ளைய பயாலஜி புஸ்தகத்துல எப்படிங் சார்... பட்டம்னு என்ன போடறது?"

"ஒண்ணும் போட வேண்டாம். ரெண்டு பேருக்கும்."

செங்கோட்டுவேல் என் எம்.ஃபில்லை அழிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். நான்கு லாரி ஜல்லியை வீணாகக் கீழே கொட்டிவிட்டவர்போல. பிறகு என் பெயரை மேலேயும் நித்யகலா பெயரைக் கீழேயும் வைத்து, "இப்ப சரிங்களா?" என்றார்.

அதுவும் தவறு. பெயர்களை அகர வரிசையில்தான் போட வேண்டும். படித்தவர்கள் வாங்கும் புத்தகம். ரிக் லாரிக்காரருக்கு இதையும் நான்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. நித்யகலா மேலே போனார், வைத்தியலிங்கம் கீழே வந்தார். நகரத்துக்குப் பிறகுதான் வகரம். நெடுங்கணக்கு அப்படி இருக்கிறது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?